பிழை எண் 4417

சுவர்களில் முட்டுவது என் வேலை.
பர்னபியில், மூன்றாம் மாடியில், எட்டு மணி நேரம்
திரைக்குள் இருக்கும் ஒருவனை நடத்திக்கொண்டு போய்
ஒவ்வொரு சுவரிலும் முட்டவிட்டுப் பார்ப்பேன்.
ஊடுருவிப் போனால் பிழை.
நின்றால், அடுத்த சுவர்.

அப்படித்தான் மித்சுயோ ஹனாவாவைத் தெரியும்,
முகம் பார்ப்பதற்கு ஐந்து மாதம் முன்பே.
அவர் தீட்டிய சுவர்கள் அவை.
மழைநீர்க் குழாயின் பின்னே பாசி பிடித்த செங்கல்,
பூட்டிய சலூன் வாசலில் நசுங்கிய குப்பைத்தொட்டி,
யாரோ கிழித்துவிட்டுப் போன சுவரொட்டியின்
நாலு மூலைகள் மட்டும்.
ஆடுகிறவர்கள் அங்கே நிற்கப் போவதில்லை.
துப்பாக்கியோடு ஓடுகிறவனுக்குப் பாசி எதற்கு?

ஒருநாள் பதிவு செய்தேன்:
பிழை எண் 4417. மாடிப்படித் திருப்பம். சுவரில் அழுக்கு.
முக்கியத்துவம்: குறைவு.
பத்து நிமிடத்தில் பதில் வந்தது.
"அழுக்கு இல்லை. இந்த வீட்டுக்காரர் தினமும்
இங்கே கை ஊன்றித்தான் திரும்புவார்."
எங்கள் ஆட்டத்தில் வீட்டுக்காரர் என்று யாருமே இல்லை.
திருத்தத் தேவையில்லை என்று போட்டு மூடினேன்.

மைக்ரோவேவ் வரிசையில் நான்தான் 4417 என்றேன்.
"ஓ, அழுக்கு!" என்றார்.
அன்றிலிருந்து அதுவே என் பெயர்.

சாப்பாடு சுற்றும் இரண்டிரண்டு நிமிடங்களில்
முப்பத்தாறு வருஷத்தைச் சொன்னார்.
ஒசாகா, பத்தொன்பது வயது, கட்டம் போட்ட தாள்.
பதினாறுக்குப் பதினாறு கட்டத்துக்குள் ஓர் ஆப்பிள்.
நிறம் மூன்றுதான் தருவார்கள்:
கருப்பு, சிவப்பு, ஒரு வெள்ளை.
வெள்ளையைச் சரியான கட்டத்தில் வைத்தால் பழம் பளபளக்கும்,
ஒரு கட்டம் தள்ளினால் பந்தாகிவிடும்.
அதைக் கண்டுபிடிக்க ஓர் இரவு போயிற்றாம்.
சொந்தப் பெயரைப் போட அனுமதியில்லை,
வேறு கம்பெனி கொத்திக்கொண்டு போய்விடும் என்று.
ஆட்டம் முடிந்து பெயர்கள் ஓடும்போது
அவர் 'ஊறுகாய்' என்று ஓடினார், ஜப்பானிய எழுத்தில்.
பிறகு மேகங்கள்.
பிறகு ஆறு வருஷம் வெறும் புல்.
பிறகு ஹாக்கி ஆட்டம் ஒன்றுக்கு, சறுக்குக் காலணி கீறிய பனித்தரை;
அதற்காகத்தான் கனடா கூப்பிட்டது.

சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பார்கள் எங்கள் மொழியில்,
என்றேன் ஒருநாள், பெரிய மனுஷன் போல.
மணிக்கட்டுப் பட்டையை இறுக்கிக்கொண்டே யோசித்தார்.
"என் வேலையில் சித்திரம்தான் முதலில்.
சுவரை அப்புறம் புரோகிராமர் வைப்பார்.
வைத்தாரா என்று
நீ போய் முட்டிப் பார்."

நவம்பரில் ஒரு புதன்கிழமை, காலை ஒன்பதேகால்.
வீடியோ அழைப்பில் ஒருவர் வந்தார், முதுகுக்குப் பின்னால் கடல்.
ஆட்டம் வெளிவராது என்றார்.
பத்து மணிக்குக் கதவுகள் எங்கள் அட்டைகளை அறியவில்லை.
மழையில் நின்றோம்.
எல்லோருடைய குடையும் உள்ளே இருந்தது.

மூன்றரை வருஷம் கட்டிய அந்த ஊரில்
மொத்தமாக நடந்தவர்கள் எழுபது பேர் இருப்போம்.
ஊர் இன்னும் சர்வரில் இருக்கிறதா, அழித்துவிட்டார்களா?
கேட்டால் வக்கீலைக் கேட்கச் சொல்கிறார்கள்.

மித்சுயோ இப்போது ரிச்மண்டில்,
கைபேசிச் சூதாட்டத்துக்குப் பழம் வரைகிறார்.
செர்ரி, எலுமிச்சை, தர்பூசணி.
"அழுக்குக்கு" என்று தொடங்கி எழுதியிருந்தார்:
"எத்தனை நிறம் கேட்டாலும் தருகிறார்கள்.
வெள்ளையை எங்கே வைப்பது என்பதற்குத்தான்
இன்னும் ஓர் இரவு ஆகிறது."

எங்கள் குடியிருப்பில் இரண்டு வாரமாக லிஃப்ட் ஓடவில்லை.
நேற்று அரிசி மூட்டையோடு ஏறும்போது
மூன்றாம் மாடித் திருப்பத்தில் கை ஊன்றினேன்.
அங்கே ஏற்கெனவே ஒரு கறுப்பு இருந்தது,
என் கைக்கு ஒரு சாண் மேலே.
யாரென்று தெரியாது.
நல்ல உயரம்.